சென்னையின் அக்னி மூலை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. போட்டித் தேர்வுக்குப் படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம். அதே 1856-ல் சென்னை மாகாண அரசு வனத்துறை ஒன்றைத் தொடங்கி, ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை வனக் காப்பாளராக நியமித்தது. இந்தச் செய்தி எந்த கைடிலும் வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இந்த நகரத்தின் எரிபொருள் கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடும்.

ரயில் ஓட நெருப்பு வேண்டும். இங்கிலாந்து நிலக்கரி கப்பலேறி வர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. வங்காளத்தில் நிலக்கரி இருந்தது, ஆனால் அங்கிருந்து இங்கே தண்டவாளம் கிடையாது. ஆகவே சென்னை ரயில்வே தொடக்கத்தில் எரித்தது விறகை. தண்டவாளத்துக்கு அடியில் போட்டதும் மரம், என்ஜினுக்குள் போட்டதும் மரம். இப்படியே போனால் காடு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கணக்குப் போடுவது கிளெக்ஹார்னின் வேலைகளில் ஒன்றானது. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கும் ரயிலின் இந்தப் பசிதான் ஒரு முக்கியமான காரணம்.

ரயிலுக்கு மட்டுமல்ல, நகரத்துச் சமையலறைகளுக்கும் விறகு வடக்கிலிருந்துதான் வந்தது. 1806-ல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், பின்னால் ஆந்திரக் கரை வரை நீண்டு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. அதில் படகு படகாக உப்பும் சவுக்கு விறகும் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து இறங்கின. அங்கிருந்து தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டிகளுக்குப் போயின. வட சென்னையில் வயதானவர்களைக் கேட்டால் இன்றும் ஏதாவது ஒரு முனையைக் காட்டி, அங்கே விறகுத் தொட்டி இருந்தது என்பார்கள்.

வீட்டில் அடுப்பை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் வைக்கச் சொல்வது வழக்கம். சென்னை என்கிற வீட்டுக்கு அக்னி மூலை வடக்கில் அமைந்துவிட்டது. விறகு போய்க் கரி வந்தது, கரியோடு எண்ணெய் வந்தது, பிறகு நாப்தா, கேஸ் எல்லாம் வந்தன. ஒவ்வொரு முறையும் எரிபொருள்தான் மாறியது, மூலை மாறவில்லை. ஊர் பெருக்கப் பெருக்க அடுப்பு இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

கரியும் கிருஷ்ணாயிலும்

1895-ல் சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி பேசின் பிரிட்ஜில் அனல்மின் நிலையம் அமைத்து நகரத்துக்கு மின்சாரம் விற்றது. ஏன் பேசின் பிரிட்ஜ்? கரியைக் கொண்டுவர ரயிலும் துறைமுகமும் பக்கத்திலேயே இருந்தன. கால்வாயும் அந்த வழியே போனது. ஒரு பொறியாளரின் கண்ணில் அது சரியான இடம்தான். புகை யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்ற கேள்வி அந்தக் காலத்து வரைபடத்தில் கிடையாது. மவுண்ட் ரோட்டில் விளக்கு எரிந்தது, வியாசர்பாடிப் பக்கம் கரிப்புகை எழுந்தது.

எண்ணெயின் கதையை உலகப் போரே வந்து சொல்லிவிட்டுப் போனது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு நேரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசியது. கோட்டையையோ கவர்னர் மாளிகையையோ அதன் கேப்டன் வான் முல்லர் முதல் இலக்காக வைக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளைத்தான் குறிவைத்தார். தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன மக்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு கிளம்பினார்கள். 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு அப்படித்தான் தமிழில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லை வேடிக்கையாகவே பயன்படுத்துகிறோம். ஆனால் அந்த இரவில் ஒரு விஷயம் அம்பலமானது: ஊர் முழுக்க விளக்கேற்றும் கிருஷ்ணாயில் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது, ஆபத்தும் அங்கேயே குவிந்திருக்கிறது.

மலைத் தண்ணீர் கைவிட்டபோது

நடுவில் ஒரு காலம், மின்சாரம் வேறு திசையிலிருந்து வரும் என்று தோன்றியது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தொடர்ந்து மேட்டூர், பாபநாசம் எல்லாம் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. 1957-ல் மின்சார வாரியம் உருவானபோது தமிழ்நாட்டு மின்சாரம் என்றாலே மலையும் அணையும்தான். கோயம்புத்தூர் மில்களும் கிராமத்துப் பம்புசெட்டுகளும் அந்தத் தண்ணீரில் ஓடின.

தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரே ஒரு குறை, மழை பொய்த்தால் கரண்ட்டும் பொய்த்துவிடும். பம்புசெட்டுகள் லட்சக்கணக்கில் பெருகிய பிறகு வாரியத்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருந்தது, 1962-லிருந்து அங்கே மின்சாரம் கிடைத்தது. அதுவும் போதவில்லை. தமிழ்நாட்டில் நல்ல நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வெளியிலிருந்து வரவழைத்துத்தான் எரிக்க வேண்டும். அப்படியென்றால் கடலோரம் வேண்டும், துறைமுகமும் ரயில்பாதையும் பக்கத்தில் வேண்டும், நகரமும் தொலைவில் இருக்கக் கூடாது. தேடிப் பார்த்தால் விரல் மறுபடியும் அந்தப் பழைய மூலையில்தான் போய் நின்றது.

1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அடுத்த ஐந்து வருடங்களில் மொத்தம் 5 அலகுகள், 450 மெகாவாட். அதற்குச் சற்று முன்னால், 1969-ல், மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தயாராகியிருந்தது. அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் அதில் இந்திய அரசின் பங்காளிகள். ஒரே சமயத்தில் கரியும் கச்சா எண்ணெயும் திருவொற்றியூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவை வந்து உட்கார்ந்த இடம் எப்படிப்பட்டது? கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் அலையாத்திப் புதர், நடுவே இறாலும் நண்டும் மடவையும் வளரும் ஆழமில்லாத உவர்நீர். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வருவாய்க் கணக்கில் இந்த மாதிரி நிலத்துக்குப் பயிர் கிடையாது, பட்டா கிடையாது. புறம்போக்கு. அதனால் கையகப்படுத்துவது சுலபம். விவசாய நிலத்தை எடுத்தால் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் கூடும். தண்ணீருக்கு யார் பட்டா காட்டுவது?

இருபது கிலோமீட்டர் தீர்வு

1990-களின் நடுவில் கழிமுகத்துக்கு வடக்கே, அத்திப்பட்டுப் பக்கம், வட சென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டோடு தொடங்கியது. அதற்குக் கரி இறக்கவென்றே ஒரு துணைத் துறைமுகம் திட்டமிடப்பட்டது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், அதுதான். ஒடிசாவின் தால்சர் சுரங்கத்தில் வெட்டிய கரி ரயிலில் பாராதீப் போகும், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் வரும், எண்ணூரில் கன்வேயர் பெல்ட் ஏறி உலைக்குப் போகும். நாம் சுவிட்சைத் தட்டும் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இத்தனை பயணம் இருக்கிறது.

ராயபுரத்துக்கு இதில் ஒரு நன்மையும் கிடைத்தது. சென்னைத் துறைமுகத்தில் திறந்தவெளியில் கரி இறக்கியதால் அக்கம்பக்கத்து வீடுகளில் கரித்தூள் படிந்தது. காயப்போட்ட துணி கறுத்தது, மூச்சுத் திணறியது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத்தாதுவும் கையாளக் கூடாது என்று உத்தரவானது. நியாயமான தீர்ப்பு. ராயபுரத்து மக்கள் போராடிப் பெற்றது. ஆனால் அந்தக் கரி எங்கே போனது? இருபது சொச்சம் கிலோமீட்டர் வடக்கே, எண்ணூருக்கு. ஒரு மாசுப் பிரச்சினைக்கு நம் அமைப்பு கண்டுபிடிக்கும் தீர்வு பெரும்பாலும் முகவரி மாற்றமாகவே இருக்கிறது.

அந்த வருடங்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-லிருந்து 2014 வரை தமிழ்நாட்டை இருட்டில் வைத்த மின்வெட்டு. 2012-ல் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் கிடையாது. திருப்பூரிலும் கோவையிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் மூடப்பட்டன. சென்னைக்கு மட்டும் சலுகை, அறிவிக்கப்பட்ட வெட்டு 2 மணி நேரம்தான். ஊரில் இருப்பவர்கள் போனில் 'உங்களுக்கென்னப்பா, மெட்ராஸ்காரங்க' என்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்த்த எங்களுக்கு அந்த 2 மணி நேரமும் தெரியாது. டீசல் ஜெனரேட்டர் இருந்தது. கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

அந்த இருட்டிலிருந்து மாநிலத்தை மீட்டதில் வட சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. என்.டி.பி.சி.யும் மின்வாரியமும் கூட்டாகக் கட்டிய வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். வட சென்னை நிலையத்தின் இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். இரண்டும் 2012-க்கும் 2015-க்கும் இடையில் படிப்படியாக இயங்கத் தொடங்கின. மின்வெட்டு முடிந்ததற்கு அரசியல் மேடைகளில் பலர் பெருமை எடுத்துக்கொண்டார்கள். சாம்பலுக்கு மட்டும் யாரும் உரிமை கோரவில்லை.

யூனிட்டுக்கு எத்தனை கிராம் சாம்பல்?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெருக்கல் தெரிந்தால் போதும்.

இந்திய அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். மூன்றில் ஒரு பங்கு என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாகச் சாம்பல் வரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டும் நிலக்கரியில் வந்ததாக வைத்துக்கொண்டால் 70 கிலோ கரி, சுமார் 23 கிலோ சாம்பல். ஒரு அரிசி மூட்டை அளவு. அது நம் வீட்டு வாசலில் வந்து இறங்குவதில்லை. கரண்ட் பில்லிலும் அதற்கு வரி கிடையாது.

இப்போது நிலையத்தின் பக்கம் வருவோம். 630 மெகாவாட் நாள் முழுக்க முழு அளவில் ஓடினால் ஒன்றரைக் கோடி யூனிட். அதற்கு 10,000 டன்னுக்கு மேல் நிலக்கரி. சாம்பல் 3,500 டன். 10 டன் லாரியில் ஏற்றினால் 350 லாரி, ஒரே நாளில். எல்லா நாளும் முழு அளவில் ஓடாது, இறக்குமதிக் கரியில் சாம்பல் குறைவு என்றெல்லாம் கழித்துக்கொண்டாலும் மலை மலைதான்.

உலர்ந்த சாம்பலில் ஒரு பகுதியை சிமென்ட் ஆலைகளும் ஃப்ளை ஆஷ் செங்கல் செய்பவர்களும் வாங்கிப் போகிறார்கள். மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். குழாய் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியைத் தாண்டிப் போகிறது. அது துருப்பிடித்து உடையும்போது சாம்பல் குழம்பு ஆற்றில் கொட்டும். ஒரு தடவை இரண்டு தடவை நடந்த விபத்தல்ல, வருடக்கணக்காக நடந்தது. படகு போன வாய்க்கால் மேடானது. இறால் ஒதுங்கும் சேறு சாம்பல் பூசிக்கொண்டது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் கிராமத்தில் காற்றடித்தால் சோற்றில் சாம்பல். பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்து, மின்வாரியம் ஆற்றிலிருந்து சாம்பலை அகற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சாம்பலைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று முதல் அறிவிக்கை போட்டது 1999 செப்டம்பரில். திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று போய், 2021 டிசம்பர் 31 அறிவிக்கையில்தான் பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று பணத்தில் வந்து நின்றார்கள். சாம்பலுக்கு ஒரு விலை எழுத 22 வருடங்கள். கந்தக டை ஆக்சைடு வரம்பும் அப்படித்தான். 2015 டிசம்பரில் விதி வந்தது, 2 வருடத்தில் அமல் என்றார்கள். பிறகு கெடு மேல் கெடு. எங்கள் தொழிலில் இதற்கு டெக்னிக்கல் டெட் என்று பெயர். இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டால் அது கடனாக ஏறும், வட்டியோடு யாரோ ஒருவர் கட்டுவார். மென்பொருளில் அந்த யாரோ ஒருவர் அடுத்து வரும் ஜூனியர். எண்ணூரில் அவர் காட்டுக்குப்பத்து மீனவர்.

வரைபடத்திலும் ஒரு கூத்து நடந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்ப்பரப்பைப் பாதுகாக்கப்பட்ட கடலோரப் பகுதியாகக் காட்டிய, மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடம் 1996-ஐச் சேர்ந்தது. அந்த நீர்ப்பரப்பையே காட்டாத வேறொரு வரைபடம் புழக்கத்தில் இருப்பது 2017-ல் சர்ச்சையானது. ஆற்றைத் தூர்த்துவிட்டு அப்புறம் வரைபடத்தைத் திருத்துவார்கள் என்று நினைப்போம். இங்கே காகிதமும் களமும் கைகோத்துக்கொண்டே நடந்தன.

மூடுவதும் ஒரு கொள்கைதான்

2017 மார்ச் 31-ஆம் தேதி பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 47 வருட உழைப்பு. வயதாகிவிட்டது, கரி அதிகம் தின்றது, மின்சாரம் குறைவாகத் தந்தது. நிலையான எரிசக்தி பற்றிப் பேசும் எவரும் இந்த நாளைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்திலேயே 660 மெகாவாட்டில் புதிய அனல்மின் அலகு கட்டும் திட்டம் ஏற்கெனவே இருந்தது. வட சென்னையின் மூன்றாம் கட்டமான 800 மெகாவாட் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இன்னும் 1,320 மெகாவாட் எழுந்துகொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி அந்தக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்துபோனார்கள். இந்த மூலையில் பலி கொடுப்பவர்களின் பட்டியலில் உள்ளூர்க்காரர்களோடு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

காற்றாலையில் நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலம் ஏன் இன்னும் கரியைக் கட்டிக்கொண்டு அழுகிறது? பெருமை பொய்யில்லை. 1986-லேயே தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலை நிறுத்தியவர்கள் நாம். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரியமின் பூங்கா வந்தது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசியில் அடங்கிவிடும். சூரியன் ஆறு மணிக்குப் போய்விடும். நாம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து ஏசி போடுவோம். ஆடி மாதத்தில் காற்று மின்சாரம் மிஞ்சிப்போய்க் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. அன்று மிஞ்சியதைச் சேர்த்துவைக்க வழியிருந்தால் மாலைக்கு உதவியிருக்கும்.

சேர்த்துவைக்கும் வித்தை நமக்குப் புதிதும் அல்ல. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கலாம். அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் தமிழ்நாட்டில் இன்னொரு நீரேற்று நிலையம் இயங்கவில்லை. குந்தாவில் 500 மெகாவாட் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணூர்ப் புகைக்கும் காடம்பாறைக்குத் தம்பி பிறக்காததற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஒரு இடத்தின் தலையெழுத்து மாறவே மாறாதா என்றால், கடலுக்கு அப்பால் ஓர் உதாரணம் இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட இலங்கை மின்சார சபையும் வல்லூரில் பங்குதாரரான அதே என்.டி.பி.சி.யும் ஒப்பந்தம் போட்டிருந்தன. போரில் விரட்டப்பட்டுத் திரும்பிய தமிழ் மக்களின் ஊர் அது. எதிர்ப்பு எழுந்தது, 2016-ல் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு வேலை தொடங்கியது. 500 எங்கே, 120 எங்கே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். சூரியனும் நிலம் கேட்கும், அதிலும் சண்டை வரும். ஆனால் வரைபடத்தில் ஒரு தடவை 'கரி' என்று எழுதிவிட்டால் அழிக்கவே முடியாது என்பது உண்மையில்லை என்றாவது சம்பூர் காட்டுகிறது.

எல்லா அனல்மின் நிலையத்தையும் நாளைக்கே இழுத்து மூடு என்று நான் சொல்லவில்லை. மின்வெட்டுக் காலத்தில் பட்டறையை விற்றவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியாது. சொல்ல வருவது இரண்டு விஷயம். முதலாவது, மூடுவதற்கும் திட்டம் வேண்டும். ஒரு நிலையத்துக்கு அனுமதி தரும்போதே, அதன் சாம்பலை யார், எந்த வருடத்துக்குள், எந்தப் பணத்தில் அள்ளுவார்கள் என்று எழுதி, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். பழைய நிலையத்தின் குப்பையை அள்ளி முடிக்காமல் பக்கத்தில் புதிய அலகுக்குப் பூமி பூஜை கூடாது. இரண்டாவது, மூடிய இடத்தில் மறுபடி கரியைத்தான் எரிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பழைய மின்நிலைய வளாகத்தில் விலைமதிப்புள்ள சொத்து கொதிகலன் அல்ல. நகரத்துக்குள் போகும் உயரழுத்தக் கம்பிகளும் சுவிட்ச்யார்டும்தான். பகல் வெயிலில் மிஞ்சுவதை வாங்கி மாலையில் திருப்பித் தரும் பேட்டரிகளை வைக்க அதைவிடத் தோதான இடம் இந்த ஊரில் கிடைப்பது கஷ்டம். கரியைக் கொண்டுவரும் வசதியைப் பார்த்துப் பேசின் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்த அதே பொறியாளர் மூளையால் இதையும் யோசிக்க முடியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெளியேறிக் கழிமுகம் முழுக்கப் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. மீனவர்களே வாளியாலும் மக்காலும் எண்ணெயை மொண்டார்கள். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 1914-ல் எம்டன் குண்டுக்குப் பயந்து மொத்த ஊரும் ஓடியது. இப்போது குண்டு போட யாரும் வரவில்லை, ஓடியதும் ஊரின் ஒரு மூலை மட்டும். மீதி ஊரில் அன்றிரவு கரண்ட் போகவில்லை.